இரண்டாம் கியரில் ஏறும் மேடு

தோட்டத்தின் பன்னிரண்டாம் நம்பர் பகுதி மேட்டில் மோட்டார் சைக்கிளில் பாதி ஏறியிருப்பேன், பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். ஃபுட்ரெஸ்ட் வழியாகக் காலில் அதிர்ந்தது. வண்டி ஒரு நொடி இழுக்காமல் நின்று மறுபடி இழுத்தது. இன்னும் பத்தடி போனதும் மறுபடி 'டக், டக்'. செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. முந்தின இரவு நல்ல மழை. மேடு முழுக்கச் செம்மண் குழம்பு. இறங்கித் தள்ளவும் வழியில்லை. ஆக்சிலேட்டரைக் குறைத்து, கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டு, எப்படியோ உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கார் போர்ச்சில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். முன் ஸ்ப்ராக்கெட், அதாவது இன்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரம், உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். புதிதாக இருக்கும்போது ஒவ்வொரு பல்லும் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக, நேராக நிற்கும். இதில் எல்லாப் பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நுனி கூராகி, ரப்பர் பால்வெட்டுக் கத்தியின் வளைந்த முனை மாதிரி ஆகியிருந்தது. விரலை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தோலைப் பிடிக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டிலும் அதே சாய்வு, கொஞ்சம் குறைவாக. மாற்றியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. இருந்ததையே திரும்பப் போடுவதா, இல்லை பல்லின் எண்ணிக்கையை மாற்றுவதா என்பதில்தான் யோசனை ஓடியது.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளி, கோலகங்சார் போகும் வழியில். டவுனிலிருந்து ஜாலோங், லிந்தாங், லாசா என்று உள்ளே போகும் சடக்குகள் எல்லாம் கொஞ்ச தூரத்திலேயே மலையைத் தொட்டுவிடும். ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் பால்மரம்தான். இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்படி ஒரு தோட்டத்தில் ஃபீல்டு மேற்பார்வை என் வேலை. பிறந்தது லயத்து வீட்டில், இப்போது குடியிருப்பது டவுனை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். வீட்டிலிருந்து தோட்டத்து கேட் வரைக்கும் 14 கிலோமீட்டர் தார்ச் சடக்கு. கேட்டைத் தாண்டினால் மண் ரோடு, மேடு, பள்ளம், ஓடைக்குக் குறுக்கே போட்ட பலகை.

வண்டி கவாசாகி கேஎல்எக்ஸ் 250. டர்ட் பைக் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது ஸ்க்ராம்ளர்தான். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் அதில் ஏறினால், மத்தியானம் வரை அதில்தான் என் பொழுது. செம்பனையில் குலை வெட்டு 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று வரும். வெட்டுகிறவர்களுக்குப் பின்னாலேயே வரிசை வரிசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். பழுக்காத குலையை வெட்டியிருக்கிறார்களா, உதிரிப் பழத்தைப் பொறுக்கியிருக்கிறார்களா, மட்டையை ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்களா என்று. அந்த நேரத்தில் வண்டி போகிற வேகம் மனுசன் நடக்கிற வேகம்தான். அப்புறம் திடீரென்று அடுத்த நம்பருக்கு ஒரு செங்குத்து மேடு. அதே வண்டி சாயங்காலம் லோரிகளுக்கு நடுவே தார் ரோட்டில் வீட்டுக்கும் வர வேண்டும். ஒரே செயின், ஒரே இரண்டு ஸ்ப்ராக்கெட், இத்தனை வேலை.

டவுனில் நான் வழக்கமாகப் போகும் மோட்டார் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஸ்ப்ராக்கெட் என்று வாயைத் திறந்ததுமே மலாயில் கேட்டார்: "மாவ் லாஜு கா, மாவ் குவாட்?" வேகம் வேண்டுமா, பலம் வேண்டுமா? நம் பையன்களும் இதையேதான் "பிக்கப்பா, டாப்பா" என்று கேட்டுக்கொள்வார்கள். நல்ல மனிதர், கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும், இரண்டிலும் எவ்வளவு வேண்டும் என்று தெரியாது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளை ஒன்பது நாள் ஆனது.

கணக்கு சின்னதுதான். பின் பல்லை முன் பல்லால் வகுக்க வேண்டும். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது முன்னால் 14, பின்னால் 42. வகுத்தால் சரியாக 3. முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. இந்த எண் பெரிதானால் வண்டிக்கு இழுவை கூடும், வேகம் குறையும். சிறிதானால் தலைகீழ்.

இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது கடைக்காரரோ பள்ளிக்கூடமோ இல்லை, என் தாய்மாமா. தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அப்போது பக்கத்தில் சிறு தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் கையால் சுற்றும் ரப்பர் ஷீட்டு மெஷின் இருந்தது. ரப்பர் பாலைத் திராவகம் ஊற்றி உறைய வைத்து, அந்தக் கட்டியை இரண்டு உருளைக்கு நடுவே விட்டுச் சுற்றுவார்கள். கைப்பிடி இருக்கும் தண்டில் சின்னப் பல்சக்கரம், உருளையில் பெரிய பல்சக்கரம். பத்து வயதில் நான் அதைச் சுற்றியிருக்கிறேன். இவ்வளவு தடித்த கட்டி என் கைக்கு எப்படி நசுங்குகிறது என்று கேட்டேன். மாமா பல்லை எண்ணச் சொன்னார். "உன் கையில பலம் கூடலே தம்பி. கையை நாலு சுத்து சுத்துறே, உருளை ஒரு சுத்துதான் சுத்துது. தூரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குறே" என்றார். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மரத்தைவிட முன்னால் அந்த மெஷினின் பல்சக்கரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆக, நான் எவ்வளவு தூரத்தைக் கொடுக்கத் தயார் என்பதுதான் கேள்வி. அது தெரிய, வண்டியில் நான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று தெரிய வேண்டும். குலைக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பல் போன ஸ்ப்ராக்கெட்டையே திரும்ப மாட்டிக்கொண்டு, மேட்டில் மட்டும் பதமாக ஓட்டி, ஐந்து வேலை நாள் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சைப் பாதி பிடித்து இழுக்க வேண்டி வந்தால் ஒரு கோடு. எந்த இடம், எந்த கியர். தார் ரோட்டில் எவ்வளவு வேகம் போனேன் என்பதையும் எழுதினேன்.

ஐந்து நாளில் பக்கம் நிறைந்துவிட்டது. பெரும்பாலான கோடுகள் இரண்டு விதம்தான். ஒன்று, வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போது முதல் கியர்கூட அதிக வேகம். கிளட்சைப் பிடித்து விட்டுத்தான் நடை வேகத்தில் வைக்க முடிகிறது. சாயங்காலம் இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போவதற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்னொன்று அந்த மேடுகள். முதல் கியரில் ஏறினால் இன்ஜின் கத்துகிறது, பின் சக்கரம் ஈர மண்ணில் சும்மா சுற்றுகிறது. இரண்டாம் கியரைப் போட்டால் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடப் பார்க்கிறது. கிளட்சைத் தேய்த்துத்தான் உயிரோடு வைக்க வேண்டியிருக்கிறது.

தார் ரோட்டில்? 80. சில சமயம் 90. அதற்கு மேல் போன நாள் அந்த வாரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ரோட்டில் போகவும் கூடாது.

என்னிடம் செலவழிக்க வேகம் மிச்சம் இருக்கிறது, இழுவைதான் பற்றாக்குறை. நோட்டைப் பார்த்ததும் இது தெளிவாகிவிட்டது. தவுக்கே கேட்ட கேள்வியைவிட இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: எந்த மேட்டை, எந்த கியரில், கிளட்சைத் தொடாமல் ஏற வேண்டும்? என் பதில், பன்னிரண்டாம் நம்பர் மேட்டை, இரண்டாம் கியரில்.

ஏன் இரண்டாம் கியர் என்று சொல்ல வேண்டும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் அப்படியேதான் இருக்கும், அது கியர்பாக்ஸுக்குள் இருக்கிற கணக்கு. எல்லா கியரும் மொத்தமாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். அதனால் முதல் கியரை மேட்டுக்கு ஏற்றதாக ஆக்கப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுக்கிறது. இரண்டாவதைக் கீழே இறக்கி மேட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எண்களைப் பார்ப்பது எளிதாகிவிட்டது.

என் மகன் மூன்றாம் படிவம். விகிதக் கணக்கு அவனுக்குப் புதிதில்லை. சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து எழுதினோம். முன்னால் ஒரு பல் குறைத்து 13-க்கு 42 போட்டால் 3.23. பின்னால் மூன்று கூட்டி 14-க்கு 45 போட்டால் 3.21. அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான், "அப்பா, முன்னாடி ஒண்ணும் பின்னாடி மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று. அப்படித்தான். இரண்டையும் சேர்த்து 13-க்கு 45 போட்டால் 3.46, அதாவது 15 சதவீதம் கூடுதல் இழுவை. 14-க்கு 48 என்றால் 3.43. 12-க்கு 42 என்றால் 3.5. 13-க்கு 48 வரைக்கும் போனால் 3.69, அது 23 சதவீதம்.

வேகத்தில் இது என்ன ஆகும்? இன்ஜின் அதே சுற்றில் ஓடும்போது முன்பு 90 போன இடத்தில் 3.46-க்கு 78 போகும். 3.69-க்கு 73. பின்னால் லோரி ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரோட்டில் 73-க்கே இன்ஜின் அத்தனை சுற்று சுற்றுவது எனக்குச் சரிப்படாது. 78 சரி. அதனால் 3.46 பக்கம்தான் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த எண்ணுக்குப் போக மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல.

மலிவான வழி முன்னால் 12 போடுவது. நான் அதைச் செய்து பார்த்துக் கெட்டவன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில், 14 இல்லை, 12 போட்டுக்கொள், நல்லா இழுக்கும் என்றார்கள். போட்டேன். இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்முக்குக் கீழே கறுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தால், செயினுக்கு அடியில் சுவிங் ஆர்மைக் காக்கும் ரப்பர் கட்டை அறுந்து கிடந்தது. செயின் அதைத் தாண்டி அலுமினியத்தில் ஒரு காடி போட்டிருந்தது. நகம் இறங்கும் அளவுக்கு ஆழம். அந்தக் காடி இன்றைக்கும் இருக்கிறது, மேலே புது ரப்பர் மூடியிருக்கிறது.

முன் ஸ்ப்ராக்கெட் சின்னதாக ஆக, செயின் சுவிங் ஆர்மை நெருங்கும். அது ஒரு விஷயம். இன்னும் இரண்டு இருக்கிறது. இன்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை அதேதான், ஆனால் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் குறைகிறது, அதனால் செயினில் விழும் இழுப்பு கூடுகிறது. 14-இலிருந்து 12-க்கு வந்தால் ஏறக்குறைய 17 சதவீதம் அதிக இழுப்பு. அதே இழுவையைப் பின்னால் பல் கூட்டி வாங்கினால் செயினுக்கு இந்தக் கூடுதல் சுமை கிடையாது. இரண்டாவது, ஸ்ப்ராக்கெட் உண்மையில் வட்டம் இல்லை, பல கோணம். ஒவ்வொரு பல்லிலும் செயின் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அதனால் செயினின் வேகம் சீராக இருக்காது. 14 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் 2.5 சதவீதம், 13-இல் 2.9, 12-இல் 3.4. 12 போட்டிருந்தபோது ஃபுட்ரெஸ்டில் தெரிந்த நடுக்கம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 12 போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அதற்கென்றே வடிவமைத்த வண்டிகள் உண்டு. என் வண்டியில், தினமும் எட்டு மணி நேர வேலைக்கு, நான் இனி போட மாட்டேன்.

14-க்கு 48 செயினுக்கு நல்லது. ஆனால் பின் ஸ்ப்ராக்கெட் பெரிதாகும்போது செயின் நீளம் போதாது, மூன்று கண்ணி அளவுக்குக் கூட வேண்டும். சுவிங் ஆர்மின் நுனியில் இருக்கும் செயின் கைடுக்குள் இடிக்காமல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் இன்னொரு தொல்லை, அடுக்கி வைத்த மட்டைக் குவியல். அதை ஒட்டிப் போகும்போது மட்டையின் முள்ளும் நாரும் முதலில் மாட்டுவது பின் ஸ்ப்ராக்கெட்டில்தான். பெரிது என்றால் இன்னும் தாழ்வாக இருக்கும்.

நடுவில் நிற்பது 13-க்கு 45. முன்னால் ஒன்றுதான் குறைகிறது, பின்னால் மூன்றுதான் கூடுகிறது. எனக்கு அது பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கூடவே ஒரு 14-ஐ வாங்கி வைத்துக்கொண்டால், நீளப் பயணம் வரும்போது முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றி 3.21-க்கு வந்துவிடலாம். முன் ஸ்ப்ராக்கெட் சின்னச் சாமான், அரை மணி நேர வேலை. அதற்குச் செயினை வெட்டவோ சேர்க்கவோ வேண்டியதில்லை. ஒரு பல் மாறினால் பின் அக்ஸில், அதாவது சக்கரத்தின் அச்சு, நகர வேண்டிய தூரம் செயினின் ஒரு கண்ணி நீளத்தில் கால் பங்கு, என் செயினில் அது 4 மில்லிமீட்டர். அட்ஜஸ்டரில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. இந்தக் கணக்குப்படி 14-க்கு 42-இலிருந்து 13-க்கு 45-க்குப் போனால் மொத்தம் இரண்டு பல் கூடுகிறது, அக்ஸில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னால் வரும்.

செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்ப்ராக்கெட்டைக் கொல்வது செயின்தான். என் வண்டிக்கு 520. அந்த 5 என்பது கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். சின்ன ஸ்க்ராம்ளர்களுக்கு வரும் 428-இல் அது அரை அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. கடையில் வாங்கும்போது ஸ்ப்ராக்கெட்டின் மேல் அடித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் வரக் கூடாது. போல்ட் துளை பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் இரண்டாவது முறை கடைக்கு நடந்திருக்கிறார்கள்.

பழைய செயினை அளந்தேன். செயினை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பின்னிலிருந்து இருபத்தோராவது பின் வரைக்கும் இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். 20 கண்ணி. புதிதாக இருந்தால் 317.5 மில்லிமீட்டர். கவாசாகி கையேடு 323-க்கு மேல் போனால் மாற்றச் சொல்கிறது. ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. நான் நாலு இடத்தில் பார்த்தேன். மூன்று இடத்தில் 322, ஓர் இடத்தில் 324. ஆறரை மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரியாத நீட்சி, ஆனால் பல்லுக்கு நன்றாகத் தெரிகிறது. கண்ணி நீளமானால் ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறி உட்காரும். மொத்தச் சுமையும் ஒன்றிரண்டு பல்லில் விழும். பல் சாயும், கொக்கியாகும். அந்தக் கொக்கியில் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் சீக்கிரம் நீளும். பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட்டைப் போட்டாலும் அதே கதைதான். மூன்றையும் ஒன்றாக மாற்றுவது செலவு மாதிரி தெரியும். நான் ஒரு முறை ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்த காசு, ஏழு மாதத்தில் இரண்டு மடங்காகப் போனது.

ஒரு சின்ன அழகு இதில் இருக்கிறது. செயினில் கண்ணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. உள் கண்ணி, வெளிக் கண்ணி என்று மாறி மாறி வரும். ஸ்ப்ராக்கெட்டில் பல் இரட்டைப்படையாக இருந்தால், ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வந்து உட்காரும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு சுற்று உள் கண்ணி, அடுத்த சுற்று வெளிக் கண்ணி என்று மாறும், தேய்மானம் பரவும். 13-உம் ஒற்றை, 45-உம் ஒற்றை. நான் இதற்காக அந்த எண்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். கவனித்ததும் மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

பின் ஸ்ப்ராக்கெட் அலுமினியமா இரும்பா என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. அலுமினியம் கனம் குறைவு, பார்க்கவும் அழகு, பந்தயத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. இங்கே செம்மண்ணும் ஆற்று மணலும் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும். இரும்புப் பல் அதைத் தாங்குகிற அளவுக்கு அலுமினியப் பல் தாங்காது. நடுவில் அலுமினியம், பல் வளையம் மட்டும் இரும்பு என்று இரண்டையும் தறைந்து சேர்த்ததும் கிடைக்கிறது, நல்ல சாமான், விலை கூடுதல். நான் வாங்கியது முழு இரும்பு. செயின் ஓ ரிங் வைத்தது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனியிலேயே வைத்த கிரீஸை அந்த ரப்பர் வளையம் பிடித்து வைத்திருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவக் கூடாது, வளையம் கெட்டுவிடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கார் கழுவும் இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும் அதற்கு ஆகாது.

ஒன்பதாம் நாள் தவுக்கேயிடம் போய் 13, 45, கூட ஒரு 14 என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் போய் எடுத்து வந்து வைத்தார். 45-க்கு மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன் ஸ்ப்ராக்கெட் நட்டைச் செயின் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். பின் பிரேக்கை மகன் மிதித்துக்கொண்டான், நான் நட்டுக்குப் பின்னால் மடங்கியிருந்த பூட்டு வாஷரை உளியால் நிமிர்த்தி, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பினேன். அதற்கு முன் மூடியைக் கழற்றியபோதே உள்ளே செங்கல் மாதிரி காய்ந்துபோன மண். ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுத்ததில் ஒரு டின் நிறைந்தது. அந்த மண்ணுக்கு நடுவில்தான் இத்தனை நாள் ஸ்ப்ராக்கெட் சுற்றிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் தண்டைத் துணியால் துடைத்து, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, புது 13-ஐத் தள்ளினேன். இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது.

செயினை இணைக்கும் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மகனைப் போட வைத்தேன், நான் பார்த்துக்கொண்டேன். தொய்வு பார்ப்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக இறுக்கி வைத்துவிடுவார்கள். ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது, முன் ஸ்ப்ராக்கெட் தண்டு, சுவிங் ஆர்ம் போல்ட், பின் அக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் செயின் மிக இறுக்கமாகும். அந்த இடத்திலும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் செயின் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கைப் பிடுங்கும், அதைச் சரிசெய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டும். வண்டியின் மேல் மகனும் அவன் சிநேகிதனும் ஏறி உட்கார, நான் கீழே படுத்து விரலால் தூக்கிப் பார்த்தேன். பிறகு பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை இறுக்கினேன், இரண்டு நட்டு கால் சுற்று போனது.

திங்கட்கிழமை, பெரட்டுக்குப் பிறகு, நேராகப் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனேன். இரவு மழை பெய்திருந்தது, மேட்டின் நடுவில் லோரி டயர் போட்ட பள்ளத்தில் தண்ணீர். அடியில் இரண்டாம் கியர் போட்டேன். கிளட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஹேண்டிலை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்பு மூச்சு வாங்கும் இடம் அந்தச் சாய்ந்த பனைக்குப் பக்கத்தில் வரும். வந்தது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. பின் டயர் ஒரு முறை வழுக்கி மறுபடி பிடித்தது. உச்சிக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். கை சும்மா இருந்தது.

இறங்கும்போது இன்னொன்றைக் கவனித்தேன். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் முன்பைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஈரச் செம்மண்ணில் பிரேக்கை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது, அந்த வகையில் இது எதிர்பாராமல் கிடைத்தது. குறையும் இருக்கிறது. சேறு மிக அதிகமான இடத்தில் இப்போது முதல் கியர் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான் செய்கிறது, இரண்டாவதில் கிளம்பப் பழக வேண்டியிருந்தது. தார் ரோட்டில் ஆறாவது கியர் சீக்கிரம் வந்துவிடுகிறது, பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியாக இருந்தால் மீட்டரும் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். முன் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த வாரக் கடைசியில் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேட்டுக்கான கோடு மூன்று. மெதுவாகப் போகும் இடங்களில் கோடுகள் இன்னும் இருந்தன, ஆனால் பாதிக்கும் குறைவு. முதல் கியரில் முன்பு 12 கிலோமீட்டர் வேகத்தில் போன சுற்றில் இப்போது பத்தரைதான் போகிறது. வெட்டுகிறவர் நடக்கும் வேகத்துக்கு அது இன்னும் அதிகம்தான், ஆனால் விரல் மரத்துப்போகவில்லை.

குலை வெட்டுகிற பையன் ஒருவன், கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன், என்னண்ணே செஞ்சீங்க, சத்தமே மாறியிருக்கு என்று கேட்டான். அவனுக்கும் பின்னால் உதிரிப் பழ மூட்டை கட்டிக்கொண்டு அதே மேடுதான். குனிந்து அவன் வண்டியில் பல்லை எண்ணச் சொன்னேன். மண்ணை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, ஒரு வாரம் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த 14-ஐ எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, சாமான் பெட்டியில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தைப்பிங்கில் அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அதை மாட்டி, அக்ஸிலை 4 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் போதும்.